ஸ்கோப்பன் ராணி விழுந்தால் யாரைச் சொல்கிறது?

உவர்மலை மல்லிகை

காட் (சீட்டு) வைத்துச் சாத்திரம் கேட்டவர்களும் பார்ப்பவர்களும் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரிய வேண்டும். ராசா, ராணி, ஜாக் என்று படக்காட் விழுந்தபோது அதை யார் என்று எடுத்தீர்கள்? கடைசியில் அது யாராக வந்தது? நல்லதோ கெட்டதோ, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

என் பெரியம்மாவின் மகளுக்குக் கல்யாணப் பேச்சு மூன்று தரம் குழம்பியது. மூன்று தரமும் பொருத்தம் பார்த்து, நாள் வைக்கிற கட்டம் வரை வந்துதான் குழம்பியது. பெரியம்மா பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைத்தார். மனம் ஆறாமல் திருகோணமலை டவுனில் காட் பார்க்கிற ஒருவரிடமும் போனார். துணைக்கு நான் போனேன். அப்போது எனக்குப் பதினெட்டு வயது.

அந்த மனுஷன் மூலை மடிந்த பழைய கட்டு ஒன்றை எடுத்தார். பெரியம்மாவை இடக்கையால் மூன்று பங்காக வெட்டச் சொல்லிவிட்டு, ஒன்பது காட்டைப் பரப்பினார். நடுவில் ஸ்கோப்பன் (ஸ்பேட்) ராணி. ஒரு கையில் பூ, பக்கத்தில் செங்கோல், முகத்தில் சிரிப்பே இல்லை. அதன்மேல் விரலை வைத்தபடி, "கறுத்த பொம்பிளை. புருஷன் இல்லாதவ. உங்களுக்குச் சொந்தம். இவதான் மறிச்சுக்கொண்டு நிக்கிறா" என்றார். மற்ற எட்டுக் காட்டையும் அவர் வடிவாகப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஓட்டோவில் வரும்போது பெரியம்மா வாய் திறக்கவில்லை. மணிக்கூட்டுக் கோபுரம் தாண்டியதும், "மச்சாள்தான்" என்றார்.

மச்சாள் என்றது பெரியப்பாவின் தங்கையை. 2004 சுனாமியில் புருஷனைப் பறிகொடுத்தவர். குழம்பிய மூன்றில் ஒரு சம்பந்தத்தை அவரேதான் பேசிக் கொண்டு வந்தார். அன்றிலிருந்து பெரியம்மா அவரோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். அடுத்த வருடம், மூதூரில் வேலை பார்க்கிற மாப்பிள்ளையோடு கல்யாணம் சரிவந்தது. தாலிக்குப் பொன்னுருக்குகிற சடங்குக்கு மச்சாளுக்குச் சொல்லவில்லை. கல்யாணத்தன்று அவர் மண்டபத்தின் கடைசி வரிசையில் வந்து இருந்தார். தாலி கட்டியதும் எழுந்து, சாப்பிடாமலே போய்விட்டார். அந்த முதுகு இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

நான் காட் படிக்கத் தொடங்கியது அதற்காகத்தான். அவர் எதை வைத்து அப்படிச் சொன்னார் என்று அறியாமல் எனக்கு இருக்க முடியவில்லை.

படித்தபோதுதான் விளங்கியது. அந்த முறை இங்கிலாந்துப் பக்கத்துப் பழைய வழக்கம். படக்காட்டின் இனத்தை ஆளின் முடி நிறத்தை வைத்துப் பிரிப்பார்கள். டைமன் என்றால் பொன்முடி, ஆடுதன் (ஹார்ட்) என்றால் இளம்பழுப்பு, கிளாவர் (கிளப்) என்றால் கடும்பழுப்பு, ஸ்கோப்பன் என்றால் கறுப்பு. ஸ்கோப்பன் ராணியை விதவை என்று சொல்வதும் அதே வழக்கம்தான். பலன் பார்க்கிற படச் சீட்டுக் கட்டான டாரட்டிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. 1909இல் லண்டனில் வெளிவந்த, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த கட்டைத்தான் இன்று உலகம் முழுக்க அதிகம் பாவிக்கிறார்கள். அதற்கு ஆதர் எட்வர்ட் வெயிட் எழுதிய விளக்கத்தில் கோல் இனம் பொன்முடிக்கும் செம்முடிக்கும், கிண்ணம் இளம்பழுப்புக்கும், வாள் கரும்பழுப்புக்கும், நாணயம் கறுப்பு முடிக்கும் கறுத்த கண்ணுக்கும் போகிறது.

இதைத் திருகோணமலையில் வைத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற சனத்தில் பொன்முடிக்காரியை எங்கே தேடுவது? ஒரு முறையின்படி நாங்கள் எல்லோரும் ஸ்கோப்பன், மற்ற முறையின்படி எல்லோரும் நாணயம். மிச்ச மூன்று இனமும் எங்கள் ஊரில் பிறக்கவே இல்லை. "கறுத்த பொம்பிளை" என்ற சொல் அந்த நாட்டில் ஆளைப் பிரித்துக் காட்டும். இங்கே அம்மா, மாமி, ரீச்சர், மீன் விற்கிற அக்கா எல்லோரையும் காட்டும். எல்லோரையும் காட்டுகிற சொல் கேட்கிறவர் மனதில் ஏற்கெனவே யார்மேல் கசப்போ அவரில் போய் ஒட்டிக்கொள்ளும். பெரியம்மாவுக்கு நடந்தது அதுதான்.

இதன் பிறகும் ஒன்று நடந்தது. முதலில் உங்களுடையதைக் கேட்கிறேன்.

முன்னூற்றிநாலு

பிள்ளை, நான் பாலையூற்றில் இருக்கிறேன், வயது அறுபத்தாறு. சாத்திரம் எனக்குத் தெரியாது, காட் தெரியும்.

என் மச்சான் ஒருவர் டவுனில் கடை வைத்திருந்தார். கொழும்பில் யாரோ பார்த்துச் சொன்னார்களாம், "கிளாவர் ஜாக் வந்திருக்கு, உங்களுக்குக் கீழ வேலை செய்யிற பொடியன், நம்பாதைங்கோ" என்று. வந்த கையோடு கடைப் பொடியனை நிறுத்திவிட்டார். ஏழு வருடம் நின்ற பிள்ளை. திறப்பைக் கொடுத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனான். பிறகுதான் கணக்குப் பார்த்தார்கள், ஒரு சதம் குறையவில்லை.

அதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஜாக் வேலைக்காரன் என்பது வெள்ளைக்காரனின் அரண்மனைக் கணக்கு. நாங்கள் விளையாடுகிற 304 என்ற காட் விளையாட்டில் ஜாக்குக்கு முப்பது, ஒன்பதுக்கு இருபது, ஆஸுக்குப் பதினொன்று, பத்துக்குப் பத்து. ராசாவுக்கு மூன்று, ராணிக்கு இரண்டு. ஓர் இனத்துக்கு 76, நாலுக்கும் சேர்த்து 304. ராசாவைப் போலப் பத்து மடங்கு பெறுமதி உள்ளவன் ஜாக். கேள்வி கேட்கும்போது, அதாவது ஏலம் கூறும்போது, முதலில் கையில் தேடுவது அவனைத்தான். சின்ன வயதிலிருந்து அப்படி விளையாடிய மனுஷனுக்கு ஜாக் விழுந்தால், தன்னைத் தாங்குகிறவன் யார் என்றல்லவா யோசித்திருக்க வேண்டும்?

நிலாவெளிக் காற்று

எனக்கு நல்ல அனுபவம்தான். கெஸ்ட் ஹவுஸில் வேலை. சீசன் முடிகிற நேரம், செப்டம்பர் கடைசி. ஜெர்மனியிலிருந்து வந்திருந்த ஒரு வயதான அம்மா விறாந்தையில் டாரட் கட்டை வைத்துக்கொண்டு இருப்பார். தேத்தண்ணி கொண்டு போனபோது, ஒரு காட் எடுக்கிறாயா என்று கேட்டார்.

வாள் இனத்தில் இளையவன் வந்தான், பேஜ் என்பார்கள். என் மகன் அந்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுதியிருந்தான். அவனைத்தான் சொல்கிறது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த அம்மா யார் என்று சொல்லவே இல்லை. "இந்தப் பையன் என்ன செய்கிறான், பார்த்துச் சொல்லு" என்றார்.

பார்த்தேன். மேடு பள்ளமான நிலத்தில் நிற்கிறான். இரண்டு கையாலும் வாளைத் தூக்கிப் பிடித்திருக்கிறான், முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பியிருக்கிறான். காற்றில் முடி பறக்கிறது, பின்னால் முகில் குவிகிறது, தூரத்தில் பறவைகள். எதிரில் யாருமே இல்லை. "சண்டைக்கு ரெடியாக நிற்கிறான், ஆனால் சண்டைக்காரனைக் காணவில்லை" என்றேன். "இங்கே அப்படி நிற்பது யார்?" என்று கேட்டார்.

நான்தான். புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றிப் போகிற படகு ஒன்று எனக்கும் பங்காளிக்கும் பொதுவில் இருந்தது. எண்ணெய்க் காசில் அவன் கை வைக்கிறான் என்று சீசன் முழுக்க மனதுக்குள் வாளைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன், ஒரு நாளும் நேரே கேட்கவில்லை. அன்று பின்னேரம் கொப்பியோடு போய்க் கேட்டேன். அவன் எழுதி வைத்த கணக்கு என்னுடையதைவிடச் சுத்தமாக இருந்தது. அதற்குப் பிறகு படக்காட்டைப் பார்த்தால் ஆளைத் தேடுவதில்லை, அந்த உருவம் என்ன செய்துகொண்டு நிற்கிறது என்றுதான் பார்க்கிறேன்.

திருக்கடலூர்த் தங்கை

என்னுடையது சின்னது. ஆடுதன் ராசா வந்தது. "நல்ல மனசுள்ள, வசதியான மனுஷன் உங்களை வெளிநாட்டுக்கு அனுப்புவார்" என்றார்கள். அடுத்த கிழமை விசா எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். ராசா வந்துவிட்டார் என்று நம்பி, நகையை அடகு வைத்துக் காசு கொடுத்தோம். ஆளும் இல்லை, காசும் இல்லை. அக்கா, அந்தக் காட்டை வேறு எப்படிப் பார்த்திருக்கலாம்?

உவர்மலை மல்லிகை

தங்கை, வாசிக்கவே மனம் கனக்கிறது. முதலில் ஒன்று, இனி வரப்போகிற ஆள் என்று படக்காட்டை நான் வாசிப்பதே இல்லை. வரப்போகிறவரை வாசலில் வைத்துச் சோதிக்க வேண்டிய நேரத்தில், காட் அவருக்காக உறுதி சொல்லிவிடும். இன்னொன்று, ஒரு கட்டை எடுத்து ஆடுதன் ராசாவை நெருக்கிப் பாருங்கள். நாலு ராசாவில் மீசை இல்லாதவர் அவர் ஒருவர்தான். கையில் இருக்கிற வாள் அவருடைய தலைக்குப் பின்னாலேயே போகிறது. அவசரத்தில் தனக்கே கேடு செய்துகொள்ளாதே என்று நான் அதை வாசித்திருப்பேன். நிலாவெளித் தம்பி சொன்னதும் அதுதான், உருவம் என்ன செய்கிறது என்று பார்ப்பது.

எங்கள் கோயில் திருவிழாக்களில் கிளிச் சாத்திரக்காரர் இருப்பாரே, கிளி எடுத்துத் தருகிற படத்தில் முருகனோ அம்மனோதான் வருவார்கள். அதைப் பார்த்து யாரும் பக்கத்து வீட்டுக்காரியைச் சந்தேகப்பட்டதில்லை. ராசா ராணிப் படத்துக்கு மட்டும் மனித முகத்தைத் தேடி ஒட்டுகிறோம்.

ஐயா, உங்கள் 304 கட்டு ஏழிலிருந்து ஆஸ் வரை முப்பத்திரண்டு காட்தானே. எத்தெய்யா என்ற பெயரில் எழுதிய பிரெஞ்சுக்காரர் ஒருவர் 1770இல் காட் வைத்துப் பலன் பார்க்கும் முறையைப் புத்தகமாகப் போட்டார். அவர் எடுத்ததும் அதே முப்பத்திரண்டுதான். ஆனால் கேட்க வந்தவருக்கென்று தனியாக ஒரு காட்டையும் சேர்த்துக்கொண்டார். இந்தச் சின்ன விஷயம்தான் எனக்குக் கண்ணைத் திறந்தது. டவுனில் பார்த்தவர் பெரியம்மாவுக்கென்று ஒரு காட்டும் வைக்கவில்லை.

போன வருடம் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். விறாந்தையில் இருந்தால் துறைமுகம் தெரியும். காட் வைத்துப் பார் என்று அவரே கேட்டார். நான் பரப்பவில்லை. முழுக் கட்டையும் அவர் கையில் கொடுத்து, "முதல்ல உங்களுக்கெண்டு ஒண்டை எடுங்கோ பெரியம்மா" என்றேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார். டைமன் ராணியைப் பார்த்து, "இது சின்னப் பிள்ளை மாதிரி" என்று வைத்தார். ஆடுதன் ராணியையும் வைத்தார். பிறகு ஸ்கோப்பன் ராணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இதுதானே நான். புருஷன் இல்லாதவதானே" என்றார்.

நாங்கள் டவுனுக்குப் போனபோதே பெரியப்பா செத்துப் பதினைந்து வருடம் கடந்திருந்தது. அன்று பெரியம்மா பச்சைச் சேலை கட்டிச் சின்னப் பொட்டும் வைத்திருந்தார். அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்? அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

பெரியம்மா நெடுநேரம் காட்டையே பார்த்துக்கொண்டு இருந்தார். நான் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அவரே சொல்லத் தொடங்கினார். குழம்பிய மூன்று மாப்பிள்ளைகளும் கனடா, லண்டன் என்று வெளிநாட்டுக்காரர்கள். மூன்று தரமும் நாள் வைக்கிற நேரத்தில், பிள்ளையை இரண்டு வருடம் என்னோடு விட்டுவிட்டுப் போங்கள் என்று அவர்தான் கேட்டிருக்கிறார். தனிய இருக்கப் பயம். அதை யாருக்கும் சொல்லவில்லை. "மறிச்சுக்கொண்டு நிண்டது நான்தான் பிள்ளை" என்றார்.

அந்தக் காட் அன்று அவரைத்தான் சொன்னது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்பது காட்டில் இருந்த ஒரே பெண்ணுக்கு முன்னால் ஒரு விதவை வந்து இருந்தபோது, விரல் வெளியே காட்டியது பிழை. இப்போது யாருக்குப் பார்த்தாலும் அவருடைய காட்டை முதலில் அவரையே எடுக்கச் சொல்கிறேன். மூன்றாம் ஆளின் பெயர் என் வாயில் வராது. நிறம் சொல்லமாட்டேன், விதவை என்று சொல்லவே மாட்டேன்.

அன்று பின்னேரம் பெரியம்மா மச்சாளின் நம்பர் கேட்டார். என் போனில் இருந்தது. எடுத்தது மச்சாளின் மகள். அம்மா கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டார், வர இருட்டும் என்றாள். யார் கதைக்கிறது என்று கேட்டபோது பெரியம்மா பெயர் சொல்லவில்லை.

"மாமி எண்டு சொல்லு. அவ வந்த உடன எடுக்கச் சொல்லு, நான் முழிச்சிருப்பன்."