மறுமொழி: அப்சைசிங் – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். ஆக்சஸ் போன்ற சிறு தரவுத்தள மென்பொருளில் இருக்கும் தரவை, எஸ்கியூஎல் சர்வர் போன்ற பெரிய தரவுத்தள வழங்கிக்கு (சர்வர்) மாற்றுவதுதான் அப்சைசிங். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ஃபீல்டை (அட்டவணையில் ஒரு நெடுவரிசை) நாம் புலம் என்கிறோம். அப்படியானால் 'புலம்பெயர்வு' என்றே வைத்துக்கொள்ளலாமே?

ரசித்தேன். ஆனால் ஈழத்து நண்பர்கள் இத்தனை பேர் இருக்கும் குழுவில், ஒரு கோப்பு இடம் மாறுவதற்கு அந்தச் சொல்லை எடுத்தாள மனம் வரவில்லை. 'தரவுப் பெயர்ச்சி' என்றாலோ சனிப்பெயர்ச்சிதான் ஞாபகம் வருகிறது. (ஒரு பரிகாரம் செய்துவிட்டே தொடங்கியிருக்கலாம் என்று நினைத்த இரவுகள் எனக்கு உண்டு.)

இந்த இரண்டு சொற்களுமே இடம் மாறுவதோடு நின்றுவிடுகின்றன. வேலை அதற்கு அப்புறம்தான். ஒரு சங்கத்தின் உறுப்பினர் தளத்தை ஆக்சஸிலிருந்து எஸ்கியூஎல் சர்வருக்கு மாற்றினேன். அட்டவணைகள் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டன. சந்தா கட்டியவர் பட்டியலைத் திறந்தால் ஒருவர்கூட இல்லை! ஆக்சஸில் 'ஆம்' என்பது -1. எஸ்கியூஎல் சர்வரில் ஆம்/இல்லை வைக்கும் பிட் புலத்தில் அது 1. பழைய வினவல் (தரவைக் கேட்டு எழுதும் கட்டளை) -1ஐத் தேடிக்கொண்டே இருந்தது. ஆக்சஸ் வழக்கப்படி தேதிகளைச் சுற்றியிருந்த # குறிகள் எல்லாம் இங்கே பிழை. அதையும் சரிசெய்து புது உறுப்பினரைச் சேர்த்தால், தமிழ்ப் பெயர் ???? என்று விழுந்தது. புலம் யூனிகோடுதான், வினவலில் மேற்கோள் குறிக்கு முன்னால் N என்ற ஆங்கில எழுத்தைப் போடாத குற்றம்.

நெல் நட்டவர்களுக்கு இது புதிதல்ல. ஏக்கருக்கு எட்டு சென்ட் நாற்றங்கால். அங்கே நெருக்கமாக வளர்வது நல்லதுதான், அங்கேயே விட்டுவிட முடியாது. பறித்து வயலில் நட்டால் சில நாள் துவண்டு நிற்கும், பிறகு பச்சை பிடிக்கும். ஆக்சஸ் கோப்பும் 2 ஜிபிக்கு மேல் வளர முடியாத நாற்றங்கால், அவ்வளவே.

ஆகவே என் பரிந்துரை: தரவு நடவு. "தரவை நட்டாச்சா?" என்று வாய்க்கும் எளிதாக வருகிறது. நட்டபின் பிழை திருத்தும் நாட்கள் 'பச்சை பிடிப்பு'. இந்த மாற்றத்தைச் செய்துதர ஆக்சஸிலேயே மைக்ரோசாப்ட் தந்த அப்சைசிங் விசார்டு 'நடவுக் கருவி'. ஆக்சஸ் 2013இல் அதை எடுத்துவிட்டார்கள், சொல் மட்டும் நிற்கிறது.

'மறுநடவு' வேண்டாம். அது பட்டுப்போன இடத்தில் திரும்ப நடுவது. காப்புநகலிலிருந்து மீட்பதற்கு வேண்டுமானால் பொருந்தும். ஒரு வழங்கியிலிருந்து அதே மாதிரி இன்னொரு வழங்கிக்குப் போவது வயலுக்கு வயல் கதை, அதற்குப் 'பெயர்ப்பு' போதும்.

அப்புறம், ஆக்சஸ் போன்றவற்றை 'மேசைத் தரவுத்தளம்' (டெஸ்க்டாப் டேட்டாபேஸ்) என்று எழுதியிருந்தீர்கள். மேசையா முக்கியம்? வழங்கி நடுவில் இல்லாமல் செயலியே கோப்பை நேராகத் திறக்கிறது என்பதுதானே வித்தியாசம். 'கோப்புத் தரவுத்தளம்' என்று சொல்லலாமே?