ஊருணி நீரும் டிடிஎஸ் மீட்டரும்: மாணவர் ஆய்வு எதை நிரூபித்தது?

செம்புறாங்கல்:
நம் வட்டாரப் பள்ளி ஒன்றின் மாணவர்கள் ஊருணி நீரைச் சோதித்ததைப் பற்றி ஊருணிக்கரையான் இங்கே எழுதியிருந்தார். "டிடிஎஸ் மீட்டர் 500-க்குள் காட்டியது, எங்கள் ஊருணி நீர் குடிக்க உகந்தது என்று மாணவர் ஆய்வு நிரூபித்துவிட்டது, கேன் தண்ணீருக்குக் காசைக் கொட்டுகிறவர்கள் இனி யோசிக்கட்டும்" என்பது அவர் வாக்கு. பள்ளி ஆய்வகத்திலேயே பணிக்காலத்தைக் கழித்தவன் என்ற முறையில், இதைப் படித்துவிட்டு வாய்மூடி இருக்க என்னால் முடியவில்லை. அந்த மீட்டர் நீரின் மின்கடத்துதிறனை அளந்து, 0.5-க்கும் 0.7-க்கும் இடைப்பட்ட ஒரு காரணியால் அதைப் பெருக்கி, கரைந்துள்ள உப்புகளின் அளவை, அதாவது டிடிஎஸ்-ஐ, உத்தேசமாகச் சொல்கிறது. அதற்குக் கிருமி தெரியாது. மாடு குளிப்பாட்டிய நீராக இருந்தாலும், சாக்கடை கசிந்து கலந்த நீராக இருந்தாலும், உப்பு குறைவாக இருந்தால் எண்ணும் குறைவாகத்தான் இருக்கும். மேலும், மழைநீரால் நிறைகிற ஊருணியில் உப்பு குறைவு என்பதைக் கண்டுபிடிக்க ஓர் ஆய்வு எதற்கு?

ஊருணிக்கரையான்:
ஐயா அவர்களுக்கு வணக்கம். 500 என்பது நான் வீட்டில் உட்கார்ந்து எழுதிய எண் அன்று. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் கூறுகிறது. எங்கள் பிள்ளைகள் மீட்டரை மட்டும் முக்கிவிட்டு வீடு திரும்பவில்லை. ஊருணிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் தொடங்கும் பொட்டலிலிருந்து ஊருணியின் மடை வரை நடந்து, எங்கெங்கே அடைப்பு இருக்கிறது என்று வரைபடம் போட்டார்கள். கறுப்பு வெள்ளை வட்டத்தகடு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் அது கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்துக் கலங்கலை அளந்தார்கள். இவற்றைப் பற்றி ஐயாவுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. அமிலக்குப்பி முதல் பிப்பெட் வரை அலமாரியில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அறிவியல் கற்பித்த தலைமுறைக்கு, பிள்ளைகள் கருவியைக் கையில் பிடிப்பதே குற்றமாகப் படுகிறது போலும்.

செம்புறாங்கல்:
அடர் கந்தக அமிலத்தைப் பூட்டி வைக்காமல் பிள்ளைகள் கையில் கொடுத்திருக்க வேண்டும் என்கிறீர்களா? போகட்டும். நீங்கள் மேற்கோள் காட்டும் அதே ஐ.எஸ். 10500-இல், 100 மில்லிலிட்டர் நீரில், மலக்கழிவோடு வருகிற ஈ.கோலி கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறது. அந்த வரியை ஏன் விட்டீர்கள்? நைட்ரேட்டுக்கு ஒரு லிட்டரில் 45 மில்லிகிராம் என்று தனி எல்லை இருக்கிறது, அதை அளந்தீர்களா? மீட்டர் கிருமியைக் காட்டாது. தெர்மாமீட்டரில் காய்ச்சல் இல்லை என்பதால் சர்க்கரை நோயும் இல்லை என்று சொல்வதைப் போன்றது உங்கள் நிரூபணம்.

சம்பைக்காரன்:
இருவரும் சண்டையிடுவது காரைக்குடிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு என்பதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் நம் ஊருக்கு வந்த செக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், 1953-இல் திறக்கப்பட்டது. நீரில் மின்சாரம் எப்படிப் பாய்கிறது என்பதையே தொழிலாகக் கொண்ட விஞ்ஞானிகள் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது, பேனா அளவு மீட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு இங்கே பட்டிமன்றம் நடக்கிறது. மாணவர்களையும் விஞ்ஞானிகளையும் இணைப்பதற்கென்றே 2017-இல், செக்ரியின் தாய் அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். 'ஜிக்யாசா' திட்டத்தைத் தொடங்கியது. அதைப் பயன்படுத்தத் தெரியாதவர்கள் கேன் தண்ணீர்க்காரர்களுக்குச் சவால் விடுகிறார்கள்.

ஊருணிக்கரையான்:
மாதிரியைப் பெரிய ஆய்வகத்தில் கொடுத்து ஒரு தாளை வாங்கி வருவது தபால்காரர் வேலை. அதில் பிள்ளைகள் கற்பதற்கு என்ன இருக்கிறது? அரசுப் பள்ளிகளில் 2022-இல் வானவில் மன்றம் தொடங்கப்பட்டதே, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் தம் கையால் செய்து பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். மீட்டர் 500-க்குள் காட்டியது. அதை யாராலும் மறுக்க முடியவில்லை.

செம்புறாங்கல்:
மறுக்கவில்லையே! காட்டியது. கிருமியைக் காட்டவில்லை.

வளவுவீட்டு ஆச்சி:
ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களைத் தேர்ந்தெடுத்துக் நீரைச் சோதிக்கும் களச் சோதனைப் பெட்டியில் பயிற்சி கொடுத்தார்கள். அதில் நானும் ஒருத்தி. அந்தப் பயிற்சியில் எச்2எஸ் (ஹைட்ரஜன் சல்ஃபைடு) பாட்டில் என்று ஒன்றைக் காட்டினார்கள். அதில் நீரைக் கோடு வரை ஊற்றி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஓரிரு நாள் வைத்தால், மலக்கழிவோடு வருகிற கிருமிகள் இருக்கும்பட்சத்தில் நீர் கறுத்துவிடும். 1982-இல் குவாலியரில் இருந்த நம் பாதுகாப்புத் துறை ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை இது; வெளிநாட்டுச் சரக்கு அன்று. பதின்மூன்று வயதுப் பிள்ளை இதைச் செய்துவிடும். அண்ணனும் தம்பியும் இத்தனை எழுதுகிறீர்களே, இதை ஒருவர்கூட ஏன் சொல்லவில்லை?

செம்புறாங்கல்:
ஆச்சியின் ஆர்வம் பாராட்டத்தக்கது. ஆயினும், ஒரு நாள் பயிற்சியில் சொல்லாமல் விட்டிருக்கக்கூடிய ஒன்றை நான் சொல்ல வேண்டும்: நீரிலேயே சல்ஃபைடு இருந்தால் கிருமி இல்லாமலும் அந்தப் பாட்டில் கறுக்கும். அடியில் சேறு மண்டிய ஊருணியில் அதற்கு வாய்ப்பு உண்டு.

வளவுவீட்டு ஆச்சி:
சல்ஃபைடு என்றால் ஊற்றிய கொஞ்ச நேரத்திலேயே கறுக்கும். கிருமி என்றால் அது பெருக நேரம் பிடிக்கும். எங்களுக்கும் சொன்னார்கள், அண்ணன். பயிற்சி எத்தனை நாள் என்று என்னைக் கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம்.

கீழைத்தெரு:
நான் அறிவியல் படித்தவன் அல்லன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அந்த ஊருணிக்கு நீர் வரும் கால்வாயில் சீமைக் கருவேலம் மண்டி, குறுக்கே ஒரு சுற்றுச்சுவரும் எழும்பிவிட்டது. வரத்துக்கால் வெட்டிச் சீர்செய்த நாளில் மண்வெட்டியோடு வந்தவர்கள் யார் யார் என்பது எனக்கு நினைவிருக்கிறது. கிருமியைப் பற்றி இன்று கவலைப்படுகிற பெரியவரை அன்று நான் பார்க்கவில்லை. எங்கள் அப்பத்தா காலத்தில் குடத்தின் உட்புறம் தேத்தாங்கொட்டையை உரைத்து நீரைத் தெளியவைத்துக் குடித்தார்கள். யாரும் மீட்டர் வாங்கவில்லை.

செம்புறாங்கல்:
முழங்கால் வலிக்காரனை மண்வெட்டிக் கணக்கில் சேர்ப்பது நாகரிகம் அன்று. அன்றைக்குத் தேநீர்ச் செலவு யாருடையது என்பதையும் நினைவில் வைத்திருக்கலாம். தேத்தாங்கொட்டை நல்ல சான்று. எனக்குத்தான் அது உதவுகிறது. அதன் விதையில் உள்ள பொருள் நீரில் மிதக்கும் மண் துகள்களை ஒன்றுசேர்த்துப் படியவைக்கிறது. கலங்கிய நீர் கண்ணெதிரே தெளியும். மீட்டரில் எண் பெரிதாக மாறாது. ஏனெனில் மிதக்கும் மண்ணையும் அது காட்டாது, கிருமியையும் காட்டாது. பிள்ளைகள் தேத்தாங்கொட்டைக்கு முன்னும் பின்னும் அந்த மீட்டரை முக்கிப் பார்த்திருந்தால், கருவியின் எல்லையைத் தாமே கண்டிருப்பார்கள். அதுதான் செய்முறைக் கல்வி. ஓர் எண்ணைப் படமெடுத்துப் போடுவது விளம்பரம்.

ஊருணிக்கரையான்:
நல்ல யோசனை, ஆனால் திட்டாமல் சொல்ல ஐயாவுக்கு வராது. "குடிக்க உகந்தது" என்று எழுதியதை நான் மாற்றப்போவதில்லை. ஊரில் எல்லோரும் காய்ச்சித்தான் குடிக்கிறார்கள். அதைத் தனியாக எழுத வேண்டுமா?

செம்புறாங்கல்:
அப்படியானால் இதற்கு விடை சொல்லுங்கள். ஊருணி நீரைக் காய்ச்சினால் கிருமி சாகும். ஆனால் நீர் ஆவியாகி அளவு குறைய, மிஞ்சிய நீரில் அதே உப்பு தங்குவதால் டிடிஎஸ் சற்றுக் கூடும். உங்கள் மீட்டரின்படி காய்ச்சாத நீரே மேல், காய்ச்சிய நீர் மட்டம்! இதையும் மாணவர் ஆய்வு நிரூபித்துவிட்டதா?

சம்பைக்காரன்:
இந்த ஒரு வாக்கியத்துக்காகவே செக்ரியில் ஐயாவுக்கு ஓர் இருக்கை போட வேண்டும்.

ஊருணிக்கரையான்:
கூடினாலும் 500-ஐத் தாண்டாது.

வளவுவீட்டு ஆச்சி:
ஞாயிற்றுக்கிழமை இரண்டு எச்2எஸ் பாட்டில்களோடு நான் ஊருணிக்கு வருகிறேன். தம்பி பிள்ளைகளைக் கூட்டி வரட்டும், மீட்டரும் வரட்டும்.

செம்புறாங்கல்:
வாருங்கள். ஆனால் படித்துறையில் மொண்ட நீரை நான் ஏற்க மாட்டேன். அங்கே துணி துவைக்கிறார்கள். நடுவில் உள்ள கிணற்றருகே எடுக்க வேண்டும்.

ஊருணிக்கரையான்:
பெண்கள் குடம் முக்குவது படித்துறையில்தான், ஐயா. நடுக்கிணற்றுக்கு யாரும் நீந்திப் போய் நீர் எடுப்பதில்லை.

செம்புறாங்கல்:
சென்ற வாரம் உங்கள் மீட்டர் எங்கே முக்கப்பட்டது என்பதை முதலில் எழுதுங்கள்.