மோர்மிளகாயா, நெத்திலிக் கருவாடா, சூரை மீன் ஊறுகாயா?

கேள்வி – மாடிவெயில்
தொண்டியில் வாடகை வீடு, மொட்டை மாடி உண்டு. ஞாயிறு முழு ஓய்வு, மற்ற நாளில் காலை மாலை அரை மணி நேரம்தான். இந்த மூன்றில் ஒன்றை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள ஆசை. தை பிறக்கப் போகுது. எதில் தொடங்கட்டும்?

பதில் – கல்லுப்பு
மோர்மிளகாய்தான் தம்பி. உங்க காலை மாலை அரை மணிக்கு அதுதான் பொருந்தும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ராமநாதபுரம் முண்டு மிளகாயையே பச்சையாக வாங்குங்க. ஒரு கிலோவுக்கு ஒரு லிட்டர் கெட்டிப் புளித்த மோர், 100 கிராம் கல்லுப்பு. காம்பைக் கிள்ளாதீங்க. காம்படியில் ஒன்று, நுனியில் ஒன்று என்று கோணி ஊசியால் குத்துங்க. முண்டு உருண்டை, தோலும் தடிப்பு. ஒரே துளை என்றால் உள்ளிருக்கும் காற்று வெளியேறாது, மோரும் இறங்காது. மூன்று ராத்திரி ஊறட்டும். பிறகு காலையில் வடித்து வெயிலில், மாலையில் திரும்ப அதே மோரில். மோர் வற்றினதும் தனியே வெயிலில் காயப் போடுங்க. குலுக்கினால் விதை கலகலக்கணும். அந்தச் சத்தம் வருமுன் டப்பாவில் அடைத்தால் விதையைச் சுற்றிக் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். வெளித்தோல் பளிச்சென்றே இருக்கும். அடைக்குமுன் இரண்டைப் பிட்டுப் பாருங்க.

பதில் – வலைக்கட்டில்
நெத்திலியைச் சித்திரை வெயிலுக்கு வச்சுக்குங்க. லிட்டர் தண்ணிக்கு 150 கிராம் உப்பு, அதில் 20 நிமிஷம், வடித்து வலை கட்டிய கட்டிலில் பரப்பணும். தரையில் கொட்டினால் அடியில் காத்து ஓடாது. முதல் நாள்தான் ஈ மொய்க்கும், மேலே கொசுவலை போதும். ஈக்குப் பூச்சிமருந்து அடிப்பது மகா தப்பு, மீனோடு வயித்துக்குள்ள போகும். பனி இறங்குமுன் உள்ளே எடுத்துடுங்க. ஒடித்தால் படக்கென்று ஒடியணும். உப்பு ஏறின கருவாடு கடல்காத்து ஈரத்தை இழுக்கும், அதனால் இறுக்கமான டப்பா. வாடகை வீடு என்பதால் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

பதில் – ஐஸ்பெட்டி
சூரை கடைசியில். பிடித்ததிலிருந்து ஐஸில் இல்லாத சூரையில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் ஊறும். பொரித்தாலும் வினிகரில் போட்டாலும் அது போகாது. முகம் சிவந்து அரிப்பும் தலைவலியும் வரும். ஐஸ் நிச்சயமாகத் தெரிந்த மீன் கிடைக்கும்வரை தொடாதீங்க. போட்டாலும் ஃப்ரிட்ஜில்தான் வைக்கணும், மேலே நிற்கும் எண்ணெயை நம்பி வெளியே வைக்கக் கூடாது.

மாடிவெயில்
அப்ப மிளகாய்தான். அலுமினியக் குண்டானில் ஊறவைக்கலாமா?

கல்லுப்பு
வேண்டாம். புளிப்பும் உப்பும் சேர்ந்து அரிச்சுடும். பீங்கான் ஜாடி, இல்லைன்னா பழகின மண்சட்டி.