மறுமொழி: ‘ஆங்கரிங் வின்யெட்’ – நங்கூரத்துக்குப் பதில் உரையாணி

> நங்கூரக் குறுஞ்சித்திரம் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் இருப்பது அப்படியே வந்துவிடுகிறது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: கற்பனை ஆள் ஒருவரின் நிலையைச் சிறு கதையாகச் சொல்லி, பதில் சொல்பவர் தன்னை மதிப்பிட்ட அதே அளவுகோலில் அவரையும் மதிப்பிடச் சொல்லும் கருத்தாய்வு உத்திதான் ‘ஆங்கரிங் வின்யெட்’ (anchoring vignette); நம் கலைச்சொல் பட்டியலுக்கு அதற்கொரு தமிழ்ச்சொல் தேடுகிறோம். ஆங்கிலம் அப்படியே வருவதுதான் உறுத்துகிறது, ஐயா. நங்கூரம் ஓடும் கப்பலை நிறுத்தும். இங்கே எதையும் நிறுத்தவில்லை. ஆளுக்கு ஆள் அளவுகோல் எவ்வளவு வளைந்திருக்கிறது என்றுதான் பார்க்கிறோம்.

ஒரே வினாத்தாளை நாடு நாடாக மொழிபெயர்த்துக் கேட்கும் ஆய்வுகளில், மொழிபெயர்ப்பைக் குறைவறச் செய்த பிறகும் ஒரு சிக்கல் மிஞ்சும். ‘உங்கள் உடல்நலம் எப்படி?’ என்ற கேள்விக்கு ‘பரவாயில்லை’ என்று பதில் வந்தால், அது யாருடைய பரவாயில்லை? 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அமர்த்திய சென் இதைத்தான் எழுதினார். இந்தியாவிலேயே மக்கள் நீண்ட ஆயுளோடு வாழும் கேரளத்தில்தான் ‘எனக்கு நோய் இருக்கிறது’ என்று சொல்பவர்களும் மிக அதிகம். பிகாரிலோ அப்படிச் சொல்பவர்கள் குறைவு. பிகாரில் நோயில்லை என்று இதற்குப் பொருளில்லை. மருத்துவரிடம் போய்வரும் பழக்கமுள்ள ஊரில்தான் நோவுக்கு நோய் என்று பெயர் கிடைக்கிறது.

அமெரிக்க அரசியல் அறிவியலாளர் கேரி கிங்கும் அவருடன் மூவரும் 2004இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒரு வழி சொன்னது. ‘அரசின் முடிவுகளில் உங்கள் சொல் எவ்வளவு எடுபடும்?’ என்று மெக்சிகோவிலும் சீனாவிலும் கேட்டார்கள். பதில்களை அப்படியே எடுத்துக்கொண்டால் சீனர்களின் சொல்தான் கூடுதலாக எடுபடுகிறது! 2000ஆம் ஆண்டுத் தேர்தலில், எழுபது ஆண்டுக்கு மேல் ஆண்ட கட்சியை மெக்சிகோ மக்கள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள் என்பதை நினைவில் வையுங்கள். ஆகவே இன்னும் சில கேள்விகளைச் சேர்த்தார்கள். அவற்றில் மோசஸ் என்று ஒருவர் வருகிறார். அவருக்கு நல்ல குடிநீர் கிடைப்பதில்லை, வாக்குரிமையும் இல்லை, அரசில் எவரும் கவலைப்படுவதாகவும் தெரியவில்லை, வாய்மூடிச் சகித்துக்கொண்டிருக்கிறார். இவருடைய சொல் எவ்வளவு எடுபடும்? தங்களுக்குப் பயன்படுத்திய அதே அளவுகோலில் மோசஸையும் வைக்கச் சொன்னார்கள். சீனர்களில் கணிசமானோர் தங்களை மோசஸுக்கும் கீழே வைத்திருந்தார்கள். ஒப்பீடு தலைகீழாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் 2004 வரை 70 நாடுகளில் எடுத்த ஆய்வில் இதே உத்தியை உடல்நலத்துக்குப் பயன்படுத்தியது.

இனிச் சொல்லுக்கு வருகிறேன்.

முதலில் எனக்குத் தோன்றியது ‘தடை’. எண்ணெய் நிறுக்கும்போது வெறும் பாத்திரத்தை ஒரு தட்டில் வைத்து, அதற்கு ஈடாக மறு தட்டில் கல் வைப்பதைத் தடை கட்டுவது என்பார்கள். கருத்து கச்சிதம். ஆனால் ‘தடைக்கதை’ என்று எழுதினால், அரசு தடை செய்த கதை என்றுதான் படிப்பார்கள். வருத்தத்தோடு கைவிட்டேன்.

பிறகு எங்கள் ஊர்க் கடைத்தெருவில் அடகு பிடிக்கும் பெரியவர் நினைவுக்கு வந்தார். வளையலைக் கறுப்பு உரைகல்லில் ஓர் இழுப்பு இழுப்பார். அந்தக் கோட்டை மட்டும் பார்த்து வாய் திறக்கமாட்டார். சாவிக்கொத்துபோல் கோத்து வைத்திருக்கும் ஆணிகளில் ஒன்றை எடுத்துப் பக்கத்திலேயே இன்னொரு கோடு; அடுத்த ஆணியால் மூன்றாவது கோடு. ஆணிகளின் நுனியில் மாற்று, அதாவது தூய்மையின் அளவு, தெரிந்த பொன் இருக்கும். ஒரு சொட்டுத் திராவகம் விட்டு, வளையலின் கோடு எந்த இரண்டுக்கு நடுவே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வார். அந்த ஆணிக்கு உரையாணி என்று பெயர்.

நண்பர் ஒருவர் முன்மொழிந்த ‘உரைகல் கதை’ கிட்டத்தில் வந்து தவறுகிறது. கல் என்பது பதில் சொல்பவரின் மனத்தில் இருக்கும் அளவுகோல். நாம் கொண்டுபோவது ஆணியை. இந்த உத்தி சார்ந்து நிற்கும் இரண்டு எடுகோள்களும் இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. நகையையும் ஆணியையும் ஒரே கல்லில் உரைக்க வேண்டும். அதாவது தன்னை மதிப்பிட்ட அதே கோலால் மோசஸையும் மதிப்பிட வேண்டும். ஆணியின் மாற்று எல்லாக் கடையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அதாவது மோசஸின் நிலை எல்லோருக்கும் ஒரே நிலையாகப் படவேண்டும். பின்னால் வந்த சோதனைகள் பலவற்றில் இந்த எடுகோள்கள் சறுக்கியிருக்கின்றன. நங்கூரத்தை வைத்து அந்தச் சறுக்கலை எப்படி விளக்குவது?

வின்யெட்டுக்கு: பிரெஞ்சில் அது சிறு திராட்சைக்கொடி, பழைய புத்தகங்களின் ஓரத்தில் வரையும் அலங்காரம். அதற்காகக் கொடிச்சித்திரம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ‘மாதிரியாள்’ நல்ல சொல்தான், ஆனால் ‘மாதிரி’ கூறெடுப்புக்கு (sampling) உரிய சொல்லாகப் போய்விட்டது. ‘கதை’ போதும். ஆகவே, உரையாணிக் கதை.

பெயர்ச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. மோசஸை ஊருக்கேற்ற பெயராக மாற்றுவதும், பதில் சொல்பவர் ஆணா பெண்ணா என்பதற்கேற்பப் பெயர் வைப்பதும் வழக்கம். தமிழில் எந்தப் பெயர் வைத்தாலும் மதம் தெரிந்துவிடும், சில வேளை சாதியும். வினைமுற்று வேறு: ‘நடக்க முடியாமல் தவிக்கிறான்’ என்றால் இளைஞன், ‘தவிக்கிறார்’ என்றால் மூத்தவர். ஆங்கிலத்தில் சொல்லாமல் விட்ட வயதைத் தமிழ் விகுதி சொல்லிவிடுகிறது. முதியவருக்கு மூட்டுவலி இயல்பு என்று பதில் சொல்பவர் நினைத்தால் ஆணியின் மாற்றே மாறிவிடும். இளைஞருக்கும் ‘ஆர்’ விகுதியே போடலாம், ஆனால் வயதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி.

> உரையாணி இன்று யாருக்குத் தெரியும்? நகைக்கடைகளில் எக்ஸ்-கதிர் இயந்திரம் வந்துவிட்டதே.

உண்மைதான், அம்மா. உரையாணியைப் பார்த்திராதவர்கள்கூட ஆணியைப் பார்த்திருப்பார்கள்; ஆணி அடித்து நிறுத்துவது என்ற பொருளும் கூடவே வருகிறது, நங்கூரக் கட்சிக்கும் அது ஆறுதல். வீடு வீடாகப் போகும் களப்பணியாளர் கையேட்டில் மட்டும் ‘ஒப்பிட ஒருவர் கதை’ என்று எழுதலாம் என்ற உங்கள் யோசனையை ஏற்கிறேன். ஆய்வுக் கட்டுரைக்கு அது நீளம்.

பட்டியலில் ‘உரையாணிக் கதை’யை ஏற்றிவிடுகிறேன், அட்டவணைத் தலைப்புகளில் ‘ஆணிக்கதை’ என்று சுருக்கலாம். ஆளுக்கு ஆள் கோல் வேறுபடுவதற்கு ஒரு பெயர் இன்னும் பாக்கி. ‘கல் வேறுபாடு’ என்று எழுதிப் பார்த்தேன். உடல்நல ஆய்வில் அது வந்தால் சிறுநீரகக் கல் என்று நினைப்பார்கள். வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள்.