பாலோ டூரோவில் மூன்று இரவு: ஆறு பேருக்கு 30 ஆம்பியர் மின்சாரம் போதுமா?

ஃபிரிஸ்கோவாசி

அனைவருக்கும் வணக்கம். டெக்சாஸ் பாலோ டூரோ கேன்யன் மாநிலப் பூங்காவில் மார்ச் நடுவில் மூன்று இரவு தங்க இடம் கிடைத்திருக்கிறது. ஐந்து மாதங்களுக்கு முன்பே பதிவு திறந்துவிடும் என்பதால் அக்டோபரிலேயே எடுத்துவிட்டேன். தண்ணீர்க் குழாயும் 30 ஆம்பியர் மின் இணைப்பும் உள்ள இடம். வாடகைக்கு எடுப்பது 28 அடி ஆர்.வி. வண்டி, அதாவது சமையல் மேடை, படுக்கை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி. நாங்கள் நால்வர், பாளையங்கோட்டையிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மா என மொத்தம் ஆறு பேர்.

போன நவம்பரில் வேறொரு பூங்காவில் நடந்தது இன்னும் மனதை உறுத்துகிறது. இரண்டாம் நாள் காலை, அம்மா இண்டக்ஷன் அடுப்பில் இட்லி ஊற்றிவைத்தார். மின் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. குளிப்பதற்கு வெந்நீர் சுவிட்சையும் போட்டிருந்தோம். சட்டென்று எல்லாம் நின்றுவிட்டது. கூரை விளக்குகள் மட்டும் எரிந்தன. வெளியே மின்கம்பத்துப் பெட்டியில் பிரேக்கரைத் தள்ளிவிட்டேன், ஹீட்டர் ஓடியது. ஆனால் சமையல் மேடைப் பிளக்குகள் கடைசிவரை உயிர் பெறவில்லை. வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது, 'பழுதுபார்க்கும் செலவு' என்று முன்பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். நான் எதைக் கெடுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. இந்த முறை அப்படி நடக்கக் கூடாது.

இன்னொன்று. பள்ளத்தாக்குக்குள் இறங்கும் சாலை செங்குத்தானது என்கிறார்கள். இவ்வளவு நீள வண்டியை நான் மலையில் ஓட்டியதில்லை.

கம்பிக்காரர், ஹூஸ்டன்

முதலில் ஒரு கேள்வி: அன்று காலை இட்லிப் பானைத் தண்ணீர் பொங்கி வழிந்ததா? அல்லது பிளக் பக்கம் ஆவி அடித்ததா?

ஃபிரிஸ்கோவாசி

ஆமாம் ஐயா! தண்ணீர் பொங்கி, மேடை முழுவதும் ஓடியது. அம்மா துணியால் துடைத்தார். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

கம்பிக்காரர், ஹூஸ்டன்

உண்டு. உங்கள் வண்டியில் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் ஒரே நேரத்தில் நடந்திருக்கின்றன. அதனால்தான் குழப்பம்.

முதலாவது, சுமை. 30 ஆம்பியரை 120 வோல்ட்டால் பெருக்கினால் 3,600 வாட். வண்டி முழுவதற்கும் அவ்வளவுதான். மின் ஹீட்டர் 1,500 வாட், இண்டக்ஷன் அடுப்பை உச்சத்தில் வைத்தால் 1,800, வெந்நீர்க் கலனின் மின்கம்பி சுமார் 1,400. கூட்டினால் 4,700. பிரேக்கர் விழுந்தது அதன் கடமை. கம்பத்தில் 50 ஆம்பியர் பிளக் இருந்து, அடாப்டர் போட்டு மாட்டினாலும் 30 ஆம்பியர் வண்டி 30 ஆம்பியர் வண்டிதான். அந்த ஆசை வேண்டாம்.

இரண்டாவது, ஈரம். சமையல் மேடை, குளியலறை, வெளிப்புறப் பிளக்குகள் எல்லாம் பெரும்பாலான வண்டிகளில் ஒரே பாதுகாப்புப் பிளக்கின் வழியாகப் போகும். நடுவில் இரண்டு சிறிய பொத்தான்கள் இருக்கும் பிளக் அது. ஈரத்தால் மின்சாரம் கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். வெளியே பிரேக்கரை எத்தனை முறை தள்ளினாலும் இது தானாகத் திரும்பாது. பல வண்டிகளில் குளியலறைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும். ஈரம் காய்ந்த பிறகு, மின்சாரம் வந்திருக்கும்போது, 'ரீசெட்' பொத்தானை அழுத்துங்கள். 'டிக்' என்று சத்தம் கேட்டால் முடிந்தது. நீங்கள் எதையும் கெடுத்திருக்க வாய்ப்பில்லை. இதற்குப் பணம் பிடித்தார்கள் என்றால் எனக்கே கோபம் வருகிறது.

வண்டிக்குள் இருக்கும் பிரேக்கர் பெட்டியையும் முதல் நாளே கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். விழுந்த பிரேக்கர் பாதியில் நிற்கும். முதலில் முழுவதுமாக அணைத்து, பிறகு போட வேண்டும்.

இட்லியை வண்டியின் கேஸ் அடுப்பில் வையுங்கள், மேலே காற்றுப்போக்கியைத் திறந்துவைத்து. வெந்நீரையும் கேஸுக்கு மாற்றுங்கள். மின்சாரம் ஹீட்டருக்கு மட்டும் என்றால் ஆறு பேருக்கு 30 ஆம்பியர் தாராளம். அம்மாவுக்கு மிக்ஸியும் ஓடும்.

மலைப்பாதை, அமரில்லோ

சாலையைப் பற்றி நான் சொல்கிறேன், இருபது முறையாவது இறங்கியிருப்பேன். பூங்காச் சாலையில் 10 சதவீதச் சரிவு. கூரிய வளைவுகளும் உண்டு. பெரிய ஆர்.வி.க்கள் தினமும் இறங்குகின்றன, பயப்பட வேண்டாம். ஆனால் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்காதீர்கள். ஃபோர்டு வண்டியாக இருந்தால் கியர்த் தண்டின் நுனியில் 'டோ ஹால்' (பாரத்தோடு ஓட்டும்போது கியரைத் தாழ்த்திப் பிடிக்கும்) பொத்தான் இருக்கும். மேலே நுழைவாயிலைத் தாண்டியதுமே அதை அழுத்தி, கியரை இரண்டுக்குக் குறைத்துவிடுங்கள். இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். உறுமுவதைக் கேட்டு அப்பா பயந்தால், அதுதான் சரியான சத்தம் என்று சொல்லுங்கள். வேகம் கூடினால் பிரேக்கை ஒரு முறை அழுத்தமாக மிதித்துக் காலை எடுத்துவிடுங்கள், மீண்டும் கியரை நம்புங்கள். கருகல் வாடை வந்தால் ஓரத்தில் நிறுத்தி ஆறவிட வேண்டும்.

இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள். ஃபிரிஸ்கோ டாலஸ் பக்கம் என்பதால் 287-ஆம் நெடுஞ்சாலையில் வருவீர்கள். மார்ச்சில் அந்தச் சமவெளியில் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். நிதானமாக வந்தால் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

கீழே ரெட் ஆற்றின் ஒரு கிளை ஓடுகிறது. மழை பெய்தால் தாழ்வான இடங்களில் தண்ணீர் சாலைமேல் ஏறும். ஓர் அடி ஆழம்தான் என்று தோன்றினாலும் தண்ணீருக்குள் வண்டியை இறக்கவே கூடாது.

தண்ணீர்க்குடம், ஆஸ்டின்

சகோதரருக்கு ஒரு வார்த்தை. மார்ச் நடுவிலும் அங்கே இரவில் உறைநிலைக்குக் கீழே இறங்கலாம். தண்ணீர்க் குழாயை இரவு முழுவதும் மாட்டி விட்டால் காலையில் கல்லாக உறைந்துவிடும். மாலையில் வண்டியின் தொட்டியை நிரப்பி, குழாயைக் கழற்றி, உள்ளே இருக்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். இரவுக்குப் பம்ப் போதும்.

உங்கள் இடத்தில் கழிவுநீர் இணைப்பு இருக்காது. கிளம்பும்போது பொது வடிகால் இடத்தில் வண்டியின் கழிவுநீர்த் தொட்டிகளைத் திறந்துவிட வேண்டும். கழிப்பறைத் தொட்டியை முதலில், பாத்திரம் கழுவிய தண்ணீரைப் பிறகு. இரண்டாவது தண்ணீர்தான் குழாயைச் சுத்தம் செய்யும். ஆறு பேர் வண்டியிலேயே குளித்தால் அந்தக் கழுவுநீர்த் தொட்டி ஒரே நாளில் நிரம்பிவிடும். பூங்காவின் குளியலறையைப் பயன்படுத்துங்கள். சாம்பார்ப் பாத்திரத்தைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவச் சொல்லுங்கள், கறிவேப்பிலை தொட்டிக்குள் போய்விட்டால் நாற்றம் தாங்காது.

பெரியவர்களை லைட்ஹவுஸ் பாறை நடைப்பயணத்துக்குக் கூட்டிப்போக வேண்டாம். போக வர ஏறக்குறைய 6 மைல், நிழலே இல்லை. காலையில் தேநீரோடு நாற்காலி போட்டு உட்கார்ந்தாலே சிவந்த பாறைகள் எதிரே நிற்கும்.

ஃபிரிஸ்கோவாசி

பள்ளத்தாக்குக்குள்ளிருந்து எழுதுகிறேன், மூன்றாம் நாள் காலை. இரண்டாம் கியரில் இறங்கினேன். வண்டி உறுமியது. அப்பா பக்கத்து இருக்கையில் வாயே திறக்கவில்லை, கீழே வந்ததும் "நல்லா ஓட்டுனடா" என்றார். நேற்று இரவு கழற்றி வைத்த குழாயில் மிச்சமிருந்த சொட்டு, நுனியில் பனிக்கட்டியாகி இருந்தது.

கம்பிக்காரர் ஐயா, நீங்கள் சொன்ன பிளக் கண்ணாடிக்கு இடப்பக்கம்தான் இருந்தது. அம்மாவிடம் காட்டினேன். அவரே ஒரு முறை அழுத்திப் பார்த்து, 'டிக்' சத்தம் கேட்ட பிறகுதான் மாவுப் பாத்திரத்தைத் திறந்தார். இட்லி கேஸில் வேகிறது.