மருத்துவ உளவியலில் ஆய்வுவழி முதுகலை: திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு கேள்வி

முள்ளியாற்றங்கரை:

அனைவருக்கும் வணக்கம். திருத்துறைப்பூண்டிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்தவள் நான். இவ்வாண்டு இளநிலை உளவியல் படிப்பை முடிக்கிறேன். அடுத்து மருத்துவ உளவியலில், தேர்வுத் தாள்களைவிட ஆய்வேட்டுக்கு முதன்மை தரும் முதுகலைப் படிப்பில் சேர விரும்புகிறேன். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது நான் பள்ளி மாணவி. எங்கள் தென்னந்தோப்பு ஒரே இரவில் சாய்ந்தது; அதன்பின் என் தாத்தா யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. புயலால் தோப்பை இழந்தவர்களின் மனநிலையை ஆராய வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து வந்ததுதான். வீட்டிலோ, "இதைப் படித்தால் ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். ஆய்வுவழிப் படிப்பை முடித்தால் சிகிச்சை அளிக்கும் தகுதியும் உடன் கிடைக்குமா? தாத்தாவையும் என் ஆய்வில் சேர்த்துக்கொள்ளலாமா?

தஞ்சை மருத்துவ உளவியலாளர்:

தங்கைக்கு வணக்கம். உங்கள் வீட்டார் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு என் பதில், கிடைக்காது என்பதே. பட்டத்தின் பெயரில் 'மருத்துவ உளவியல்' என்று இருப்பதாலேயே ஒருவர் மருத்துவ உளவியலாளர் ஆகிவிடுவதில்லை. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் ஏற்றுக்கொண்ட படிப்பை, மேற்பார்வையுடன் கூடிய மருத்துவமனைப் பயிற்சியோடு முடித்து, அதன் பதிவேட்டில் பெயர் சேர்க்க வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் வரையறையும் இதையே சார்ந்திருக்கிறது.

நெடுங்காலமாக இதற்கு வழியாக இருந்தது, முதுகலைக்குப் பின் படிக்கும் இரண்டாண்டு எம்.ஃபில். பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியது, மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு அளித்தது. அதன் இடத்தில் கவுன்சில் புதிய முதுகலைப் படிப்பைக் கொண்டுவந்துள்ளது. ஆகவே, கல்லூரியின் விளம்பரத் தாளை நம்பிப் பணம் கட்டாமல், அந்தக் கல்லூரிக்கு, அந்த ஆண்டுக்கு, எத்தனை இடங்களுக்கு ஒப்புதல் இருக்கிறது என்பதைக் கவுன்சிலின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். வெளிநாடு செல்வதாக இருந்தாலும் கதை பெரிதாக மாறாது. பிரிட்டனில் மருத்துவ உளவியலாளராகப் பதிவு செய்யத் தொழில்முறை முனைவர் பட்டம் வேண்டும், ஆய்வு முதுகலை மட்டும் போதாது.

குடந்தைத் தகப்பன்:

என் மகளும் இதே குழப்பத்தில் இருந்தவள்தான். முதலில் ஆய்வேட்டுடன் கூடிய எம்.எஸ்சி., பிறகு பயிற்சிப் படிப்பு என்று நான்கு ஆண்டுகள் ஆயின. விடுதிச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள் அம்மா.

கொள்ளிடக்கரை ஆய்வாளர்:

முந்தைய பதில்கள் சரியானவை. ஆயினும் அவற்றைப் படித்து ஆய்வு ஆசையை விட்டுவிடாதீர்கள். முனைவர் பட்டத்தையும் கல்லூரி ஆசிரியப் பணியையும் நினைப்பவருக்கு ஆய்வுவழி முதுகலை நல்ல அடித்தளம். ஆனால் உங்கள் ஆய்வுக் கேள்வியைத் திருத்த வேண்டும். புயலுக்கு முன் எந்த அளவீடும் இல்லாத நிலையில், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு ஒருமுறை மட்டும் அளந்துவிட்டு, "இந்த மனச்சோர்வு கஜாவால் வந்தது" என்று எழுத முடியாது. இடையில் கொரோனா வந்தது, கடன் வந்தது. நட்ட தென்னங்கன்று காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும் என்பதால், இழப்பும் அந்த ஓர் இரவோடு முடிந்துவிடவில்லை. காத்திருந்த அந்த ஆண்டுகளை அவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்பதை ஆழ்நேர்காணலில் கேட்பது, இரண்டாண்டுப் படிப்புக்குள் செய்து முடிக்கக்கூடிய வேலை.

அளவுகோல்தான் வேண்டும் என்றால் மொழியில் கவனம் வையுங்கள். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம், கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிக் கேட்டு 0 முதல் 27 வரை மதிப்பெண் தரும். அதன் ஏழாவது கேள்வி, செய்தித்தாள் வாசிப்பதிலும் தொலைக்காட்சி பார்ப்பதிலும் கவனம் செலுத்த முடிகிறதா என்பது. செய்தித்தாளையே தொடாத நடவுப் பெண்ணிடம் இதைக் கேட்டால் வரும் பதிலுக்கு என்ன பொருள்? ஒன்பதாவது கேள்வி இறந்துவிடும் எண்ணத்தைப் பற்றியது. நம் பக்கத்தில் "செத்தாத் தேவலை" என்பது முதுகு வலிக்கும் சொல்லப்படும், மெய்யாகவே உயிரை வெறுத்தும் சொல்லப்படும். இரண்டையும் பிரித்தறியும் துணைக்கேள்வியும், ஆபத்து என்று தெரிந்தால் அன்றே யாரிடம் அனுப்புவது என்ற ஏற்பாடும் இல்லாமல், ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் முன் போகாதீர்கள்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில், பேசும் தமிழுக்கு நெருக்கமாக எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது, ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி உடனிருக்க வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை. பாடநூலில் இல்லாத இரண்டு செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். நடவும் அறுப்பும் நடக்கும் வாரங்களில் யாரும் உங்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க மாட்டார்கள். பல்கலைக்கழகம் தரும் கால அட்டவணைக்கு இது தெரியாது. திண்ணையில் அமர்ந்து பேசினால் மாமியார், பக்கத்து வீட்டார் என்று நான்கு பேர் சேர்ந்து பதில் சொல்வார்கள். நான் முதலில் எடுத்த ஆறு நேர்காணல்கள் இப்படித்தான் வீணாயின. பிறகு தனியே பேச ஊராட்சி நூலகத்தைக் கேட்டு வாங்கினேன்.

தாத்தாவை ஆய்வில் சேர்க்க வேண்டாம். பேத்தி கேட்கும்போது மறுக்க அவரால் இயலாது என்பதால், அவர் தரும் ஒப்புதல் தன்விருப்பத்தில் தந்ததாகாது. ஆனால் அவருக்கு உறக்கமும் உணவும் குறைந்திருந்தால் உங்கள் பட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். உடனே அழைத்துச் செல்ல முடியவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.