அவசரம்: பார்கோடு ஆறு பெயர் காட்டுகிறது, எதை எழுதுவது?

மாங்குளம்_மாணவி:
வெள்ளிக்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும். ஒரு செடியின் பெயரை அறிய டிஎன்ஏ பார்கோடு (சிறு டிஎன்ஏ துண்டைப் படித்து இனத்தைக் கண்டுபிடிக்கும் முறை) செய்தேன். கிடைத்த எழுத்து வரிசையை ஜென்பாங்க் தரவுத்தளத்தில் பிளாஸ்ட் தேடல் போட்டால் ஆறு இனம் 100 சதவீதம் பொருந்துகிறது என்று வருகிறது. எது சரி? கெதியாகச் சொல்லுங்கள்.

பாண்டியன்குளத்தான்:
என்ன செடி? எந்த மரபணு? ஒன்றும் எழுதவில்லையே தங்கச்சி.

மாங்குளம்_மாணவி:
மன்னிக்கவும். பால் வரும் கொடி, அலரிக் குடும்பம். முல்லைத்தீவுக் காட்டோரத்தில் எடுத்தது, ஊரில் குறிஞ்சா என்றார்கள். ஆர்பிசிஎல் (rbcL) மரபணு மட்டும்தான் செய்தேன்.

பழைய_ஆய்வுகூடம்:
பாலில்தான் பிழை. பால் உள்ள இலையில் டிஎன்ஏவைக் கெடுக்கும் பாலிஃபீனோல் நிறைய. டிஎன்ஏ பிரிக்கும் சிடிஏபி கரைசலில், அதைப் பிடித்து அகற்றும் பிவிபி சேர்த்தீர்களா? இலையை வெயிலில் காயவைத்தீர்களா?

சிலிக்கா_அண்ணை:
வரிசைதான் சுத்தமாக வந்துவிட்டதே, இனி பிவிபி எதற்கு? ஆர்பிசிஎல் மெதுவாக மாறும் மரபணு. பேரினம் வரை கொண்டுபோய் விடும், அதற்குள் இருக்கும் நெருங்கிய இனங்களுக்கிடையே ஓர் எழுத்துக்கூட மாறாமல் இருக்கலாம். அதனால்தான் 2009இல் மாட்கே (matK) மரபணுவையும் சேர்த்துத் தாவரப் பார்கோடு என்றார்கள். அந்தச் சோடியே அவர்களது சோதனையில் 72 சதவீத இனங்களைத்தான் பிரித்தது. வேகமாக மாறும் ஐடிஎஸ்2 (ITS2) என்ற டிஎன்ஏ பகுதியையும் செய்து பாருங்கள்.

ஆசான்:
குறிஞ்சா எருக்கங் குடும்பம். அலரி அல்ல. குடும்பமே தெரியாமல் டிஎன்ஏ எதற்கு? இந்தக் காலத்துப் பிள்ளைகள் பூவைப் பிரித்துப் பார்ப்பதே இல்லை.

சிலிக்கா_அண்ணை:
ஐயா, டிஎன்ஏவை வைத்துச் செய்த ஏபிஜி (APG) வகைப்பாடு 1998இலேயே எருக்கை அலரிக்குள் சேர்த்துவிட்டது.

ஆசான்:
மகரந்தம் பொலினியா என்ற கட்டிகளாகத் திரண்ட செடியும் அலரியும் ஒன்றா? நான் ஏற்கவில்லை.

சிலிக்கா_அண்ணை:
பொலினியா உள்ளவை துணைக்குடும்பங்களாக அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் பூ வேண்டும் என்றீர்களே, அது முழுக்கச் சரி.

கொக்குத்தொடுவாய்:
எதற்கு இவ்வளவு? இலையை மென்றுவிட்டுச் சீனி போடுங்கள். இனிப்புத் தெரியாவிட்டால் சிறுகுறிஞ்சா. அம்மம்மா காட்டித் தந்தது.

பாண்டியன்குளத்தான்:
தயவுசெய்து வேண்டாம்! பெயர் தெரியாத பால்கொடியை வாயில் வைக்காதீர்கள். மஞ்சள் அலரியும் இதே குடும்பம்தான். அதன் விதையால் எங்கள் பக்கம் எத்தனை பேரை இழந்தோம்.

சிலிக்கா_அண்ணை:
தங்கச்சி, ஆறும் ஒரே பேரினமா? அந்தக் கொடியை அழுத்தி உலர்த்திய மாதிரி வைத்திருக்கிறீர்களா? ஜென்பாங்கிலும் பிழையான பெயர்கள் உண்டு. பேராதனைத் தேசிய உலர்தாவரகத்தில் (உலர்த்திய செடிகளின் காப்பகம்) ஒப்பிட்டால்தான் இனப்பெயரை நம்பி எழுதலாம். அதுவரை பேரினத்தோடு நிறுத்துங்கள், அது குறைவில்லை.

(ஒன்பது நாள் கழித்து)

மாங்குளம்_மாணவி:
எல்லோருக்கும் நன்றி. ஐடிஎஸ்2 செய்தேன், செடிக்குப் பதிலாகப் பூஞ்சையின் வரிசை வந்தது. இலையில் பூஞ்சைப் புள்ளி இருந்ததைக் கவனிக்கவில்லை. அறிக்கையில் பேரினம் மட்டும் எழுதினேன். ஞாயிறு புள்ளியில்லாத தளிர் எடுக்கப் போகிறேன்.

பாண்டியன்குளத்தான்:
பூவோடு எடுங்கள். மிதிவெடிப் பலகை உள்ள பக்கம் இறங்க வேண்டாம்.